அறுபத்து மூன்றாவது நிமிடம்

ஆகஸ்ட் 18, ஞாயிறு. கொழும்பு

பிற்பகல் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தேன். விமான நிலையத்தில் என் பெயர் எழுதிய அட்டையோடு ஒருவர் நின்றார். மங்கையர்க்கரசி என்பது ஒரே வரியில் அடங்காமல் கடைசி இரண்டு எழுத்துகள் கீழே இறங்கியிருந்தன. கால்பந்துக் கூட்டமைப்பின் தலைமையகத்தில் இந்தச் சிரமமே இல்லை. அங்கே நான் 'மிஸ் அரசி'.

அறையில் இஸ்திரிப்பெட்டி இருக்கிறது. கோட்டைத் தேய்த்து மாட்டினேன். கடலூருக்கு போன் செய்து, பிரஷர் மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது என்று கணவர் ஞானவேலிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே எடுத்துவிட்டாராம். அரைத்து வைத்த மாவு மூன்று நாளைக்கு வரும். அதற்கப்புறம் அவர் பாடு.

வெள்ளிக்கிழமை பள்ளியில் விடுப்புக் கடிதம் கொடுக்கும்போது, ஆட்ட கமிஷனர் என்றால் போலீஸா என்று கணக்கு டீச்சர் கேட்டார். இல்லை என்று சொல்லி விளக்கினேன். கண்டம் முழுவதும் நாற்பதுக்கும் மேற்பட்ட கால்பந்துச் சங்கங்கள், ஐந்து மண்டலங்கள். பெரிய நாடானாலும் சின்னத் தீவானாலும் மாநாட்டில் ஒரு சங்கத்துக்கு ஒரே ஓட்டு. போட்டி என்று வந்துவிட்டால் அந்தச் சமத்துவம் கிடையாது, தரவரிசைதான். மேலே உள்ள நாடுகளின் பெண்கள் சாம்பியன் கழகங்கள் நேராகப் பிரதான சுற்றுக்குப் போய்விடும். கீழே உள்ள நாடுகளின் கழகங்கள் இப்படி ஓர் ஊரில் நான்கு நான்காகக் கூடி முதற்சுற்று ஆடி, ஜெயிக்கும் ஒன்று மட்டும் மேலே போகும். போட்டிக் குழு தேதி குறிக்கும். நடுவர் குழு நடுவரை அனுப்பும். மருத்துவக் குழு படிவம் அனுப்பும். ஒழுங்குக் குழு தண்டிக்கும். இந்தக் குழுக்களில் யாரும் மைதானத்துக்கு வருவதில்லை. அவர்கள் எல்லோருக்கும் சேர்த்து மைதானத்தில் ஒரு கண் வேண்டும், அதுதான் கமிஷனர் என்றேன்.

அவருக்குப் புரிந்ததோ என்னவோ. "அப்ப நீங்கதான் பெரிய ஆளு" என்று சொல்லிவிட்டுக் கிளாஸுக்குப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மைதானம் பார்த்தேன். புல் கொஞ்சம் உயரம், வெட்டச் சொல்லியிருக்கிறேன். வடக்கு கோல் வலையில் ஒரு கிழிசல். ஆம்புலன்ஸ் நிற்கும் இடத்திலிருந்து எல்லைக்கோடு நாற்பது மீட்டர். இதய அதிர்ச்சிக் கருவியின் பாட்டரியை என் எதிரிலேயே போட்டுக் காட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தது. ஆட்ட ஒருங்கிணைப்பாளர் தாய்லாந்துக்காரர், நல்ல மனிதர், எதற்கும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்.

மதியம் சோறும் பருப்பும் ஒரு மீனும். தேங்காய்ப்பால் அதிகம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நான்கு அணிகள், அணிக்கு இருபத்து மூன்று பேர், தொண்ணூற்றிரண்டு கோப்புகள். பாஸ்போர்ட், பதிவு அட்டை, மருத்துவப் படிவம், இ.சி.ஜி. தாள். ஒவ்வொரு பெண்ணும் மேசைக்கு எதிரில் வந்து நிற்க வேண்டும், பாஸ்போர்ட்டில் இருக்கும் முகமும் எதிரில் நிற்கும் முகமும் ஒன்றா என்று நான் பார்க்க வேண்டும். காலை ஒன்பதுக்கு உட்கார்ந்தது, முடியும்போது ஒரு மணி தாண்டிவிட்டது.

உள்ளூர்க் கழகம் சில்வர் ஹார்பர் கடைசியாக வந்தது. அதன் பொறுப்பாளர் கிருபைராஜா, ஐம்பது வயதிருக்கும், தலையில் பாதி நரை. பஸ் பிடிப்பதிலிருந்து ஜெர்சி துவைக்கப் போடுவது வரை அவர் ஒருவரே பார்க்கிறார். அவருடைய அணியில் எட்டாம் எண் அனோஜிதா, யாழ்ப்பாணத்துக்குப் பக்கம் அளவெட்டி. இருபத்திரண்டு வயது. நான் தமிழில் பேசியதும் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டாள்.

"மிஸ், நீங்கள் இந்தியாவுக்கு விளையாடினனீங்களாம், உண்மையோ?"

"ஆமா. பதினோரு ஆட்டம்."

"எத்தினை கோல்?"

"ஒண்ணு."

"ஒண்டே ஒண்டோ?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை. எனக்கும் முடியவில்லை.

ஒரு கோப்பில் ஒரு தாள் பற்றிக் கேட்டேன். கிருபைராஜா விளக்கம் சொன்னார். சரி.

மாலை ஒருங்கிணைப்புக் கூட்டம். யாருக்கு எந்த நிற ஜெர்சி, எந்தக் கதவு வழியாக வருவது, தேசிய கீதம் கிடையாது, கூட்டமைப்பின் இசை மட்டும். ஒரு மணி நேரம்.

ஆகஸ்ட் 21, புதன்

முதல் நாள் ஆட்டங்கள். சில்வர் ஹார்பர் இரண்டு, தஜிகிஸ்தான் கழகம் ஒன்று. அனோஜிதாவின் கோல், இருபது மீட்டரிலிருந்து, இடது காலால். போட்டதும் பார்வையாளர் மேடையில் என்னைத் தேடிப் பார்த்து ஒரு விரலைக் காட்டினாள். நான் சிரிக்கவில்லை. கமிஷனர் சிரிக்கக் கூடாது.

ஆகஸ்ட் 22, வியாழன்

அறிக்கை அனுப்பிவிட்டேன். குறிப்பிடத்தக்க சம்பவம் எதுவும் இல்லை. துணி துவைத்தேன், வெயில் இல்லை, காயவில்லை.

ஆகஸ்ட் 23, வெள்ளி

பயிற்சி மைதானத்தில் கிருபைராஜா ஒரு கடிதம் கொடுத்தார், குழு மருத்துவர் கையெழுத்தோடு. கோப்பில் சேர்த்தேன்.

தலைமையகத்திலிருந்து மின்னஞ்சல். பிரதான சுற்றுக்கான கமிஷனர் பட்டியல் செப்டம்பர் முதல் வாரம் வருமாம். இதுவரை தெற்கு மண்டலத்திலிருந்து ஒரு பெண்கூடப் போனதில்லை. ஞானவேலிடம் சொன்னேன். பாஸ்போர்ட்டில் பக்கம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

ஆகஸ்ட் 24, சனி

எழுதிவிட வேண்டும். அறிக்கைக்கும் வேண்டும்.

மூன்று மணி ஆட்டம். சில்வர் ஹார்பர், நேபாளக் கழகம். இடைவேளையில் ஒன்றுக்கு ஒன்று. 55-ஆவது நிமிடத்தில் எட்டாம் எண் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பிறகு ஓடினாள். 63-ஆவது நிமிடம், நடு வட்டத்துக்கு இப்பால், பக்கத்தில் யாரும் இல்லை, பந்தும் அவளிடம் இல்லை. அப்படியே முன்னால் விழுந்தாள். கை ஊன்றவில்லை. ஆடியவர்கள் எல்லோருக்கும் அது தெரியும், கை ஊன்றாமல் விழுந்தால் அது தடுக்கி விழுவது இல்லை.

நடுவர் விசில் அடித்தது 4.24. மருத்துவர் உள்ளே ஓடியது 4.25-க்குள். கருவி இரண்டு முறை அதிர்ச்சி கொடுத்தது. இரண்டு அணிப் பெண்களும் வெளியே முகம் திருப்பி வட்டமாக நின்று மறைத்துக்கொண்டார்கள். யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே நின்றார்கள். ஆம்புலன்ஸ் கிளம்பியது 4.37. எல்லாம் விதிப்படி நடந்தது. ஒரு நிமிடம்கூட வீணாகவில்லை.

5.20-க்குக் கிருபைராஜா ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். போனில் அவர் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். சரி என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலை பத்து மணிக்கு வீடியோவில் போட்டிக் குழுவின் அவசரக் கூட்டம். ஐந்து நாடுகளிலிருந்து ஐந்து முகங்கள். ஒரு நிமிட மௌனம். பிறகு விதி படித்தார்கள். நின்றுபோன ஆட்டம் நின்ற நிமிடத்திலிருந்து தொடர வேண்டும். மீதி இருபத்தேழு நிமிடம், நாளை மூன்று மணிக்கு. புதன்கிழமை கடைசி ஆட்டங்கள், வியாழன் மைதானம் வேறொருவருக்கு. வேறு நாள் கிடையாது.

கழகம் ஆடுமா விலகுமா என்று கேட்டு வரும்படி தலைவர் என்னிடம் சொன்னார். எனக்குத் தெரியும். விலகினால் அணியின் எல்லா ஆட்டங்களும் ரத்து, மேற்கொண்டு ஒழுங்குக் குழு. அதை நான்தான் போய்ப் பெண்களிடம் சொன்னேன். விடுதிச் சாப்பாட்டு அறையில் இருபத்திரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். காலை உணவு தொடாமல் இருந்தது.

நாளை மூன்று மணிக்குத்தான் அளவெட்டியில் அவளை எடுக்கிறார்கள். கிருபைராஜா உடலோடு போய்விட்டார். பெண்கள் போக முடியாது. அதையும் நான்தான் சொன்னேன். கோல்கீப்பர் சந்தமாலிதான் கேப்டன், சிங்களப் பெண், இருவரும் ஒரே அறை. நான் சொன்னதை மற்றவர்களுக்கு அவள் சிங்களத்தில் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு எழுந்து போனாள்.

சம்பவ அறிக்கையை மாலை நாலு மணிக்கு அனுப்பினேன். பதினான்காம் கேள்வி: வீராங்கனைகளின் ஆவணங்கள் அனைத்தும் முறையாக இருந்தனவா? ஆம்.

கோப்புகள் எல்லாம் முறையாகத்தான் இருந்தன.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஆட்டத் தாளை மறுபடி நிரப்ப வேண்டும். எட்டாம் எண்ணுக்குப் பதில் பதினேழாம் எண். காரணம் என்ற இடத்தில் கணினி இரண்டே தேர்வு தருகிறது. காயம், தந்திர மாற்றம். ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்தார். காயம் என்று அழுத்தினேன்.

மூன்று மணிக்குப் பந்தை அதே இடத்தில் வைத்து நடுவர் விட்டார். நேபாளப் பெண்கள் பின்வாங்கி நின்றார்கள். சில்வர் ஹார்பர் பெண்களும் பந்தைத் தொடவில்லை. எவ்வளவு நேரம் என்று நான் கடிகாரம் பார்க்கவில்லை. பிறகு சந்தமாலி கோலிலிருந்து ஏதோ கத்தினாள், பந்து நகர்ந்தது.

இருபத்தேழு நிமிடமும் சந்தமாலி அழுதுகொண்டே பந்து பிடித்தாள். மூன்று நல்ல பந்துகள். ஒரு முறை எதிராளியோடு மோதி விழுந்தாள், மைதானமே எழுந்து நின்றுவிட்டது. நான் பயப்படவில்லை. அவளுக்கு ஒன்றும் ஆகாது. அவள் இதயம் நல்ல இதயம்.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடிந்தது.

ஆகஸ்ட் 28, புதன்

ஜோர்டான் கழகம் இரண்டு, சில்வர் ஹார்பர் பூஜ்யம். ஜோர்டான் மேலே போகிறது. பெட்டி கட்டிவிட்டேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி. கடலூர்

வீடு. ஞானவேல் முதல் நாளிலிருந்தே ஓட்டலில் சாப்பிட்டிருக்கிறார், மாவு புளித்துப் பொங்கி ஃப்ரிட்ஜ் முழுக்க வழிந்திருந்தது. துடைத்து முடிக்க ஒரு மணி நேரம். துடைக்கத் துடைக்க நன்றாக இருந்தது. அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. டிவியில் பார்த்திருப்பார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

பிரதான சுற்றுக்கான பட்டியல் வந்தது. என் பெயர் இருக்கிறது. நெருக்கடியை முன்மாதிரியாகக் கையாண்டதற்குப் பாராட்டு என்று ஒரு வரி வேறு.

ஞானவேல் சந்தோஷப்பட்டார். அதைப் பார்க்க முடியாமல் மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். துணி எதுவும் காயப்போட்டிருக்கவில்லை.

செப்டம்பர் 6, வெள்ளி

மருத்துவக் குழுவிலிருந்து கடிதம், எல்லாத் தரப்புக்கும் நகல். பிரேதப் பரிசோதனையில் அவள் இதயத்தசை ஒரு பக்கம் தடித்திருந்தது தெரிந்திருக்கிறது. பிறவியிலேயே இருந்திருக்கும். இப்படிப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இ.சி.ஜி.யிலேயே அடையாளம் தெரியும் என்று எழுதியிருக்கிறார்கள். அவள் கோப்பில் இருக்கும் இ.சி.ஜி.யோ முற்றிலும் இயல்பானது. எப்படி என்று விளக்கம் கேட்டிருக்கிறார்கள். கழகத்திடம்தான். என்னிடம் இல்லை.

பள்ளியில் மண்டல விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டோம்.

செப்டம்பர் 9, திங்கள்

கிருபைராஜா போன் செய்தார். பள்ளியில் இருந்தேன், வேப்பமரத்தடிக்குப் போய் எடுத்தேன். ஆஸ்பத்திரி கிளார்க் தாளை மாற்றி வைத்துவிட்டார் என்று விளக்கம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். யாரும் நம்பவில்லை. மருத்துவரும் தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார். எல்லாம் தன் தலையில்தான் வரும், வரட்டும் என்றார். பத்தொன்பது வருஷமாக அந்தக் கழகத்தை நடத்துகிறார்.

பிறகு, "நான் உங்கட பெயரைச் சொல்லேல்ல மிஸ்" என்றார். "நீங்கள் எங்களுக்கு நல்லதுதான் நினைச்சனீங்கள்."

நன்றி என்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

இந்த நாட்குறிப்பை முதலிலிருந்து படித்தேன். ஆகஸ்ட் 20-இல் ஒரு தாள் பற்றிக் கேட்டேன், விளக்கம் சொன்னார், சரி என்று எழுதியிருக்கிறது. என் கையெழுத்துதான். நான் எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

இருபத்து மூன்று கோப்பில் முதல் கோப்பு சந்தமாலியுடையது, எட்டாவது அனோஜிதாவுடையது. இரண்டிலும் இருந்தது ஒரே இ.சி.ஜி. கோடுகள் மட்டுமல்ல, மேலே அச்சாகியிருந்த தேதியும் நேரமும் ஒன்று, காலை 9.14. ஒரு இயந்திரத்தில் ஒரே நிமிடத்தில் இரண்டு பேர் படுக்க முடியாது. பெயர் மட்டும் பேனாவால் மாற்றி எழுதியிருந்தது. நான் பார்த்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

கிருபைராஜாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. அணிக்கே இ.சி.ஜி. எடுத்த அன்று அனோஜிதா ஊரில், தாய்க்குக் காய்ச்சல் என்று போனவள். திரும்பி வந்தபோது பதிவுக்குக் கடைசி நாள். "நாளைக்கே எடுத்துத் தாறன் மிஸ். அவ இல்லாட்டி எங்களுக்கு அணியே இல்லை" என்றார். நான் சரி என்றேன். மறுநாள் ஆட்டம். வெள்ளிக்கிழமை அவர் கொண்டுவந்தது இ.சி.ஜி. இல்லை, அவள் ஆரோக்கியமாக இருக்கிறாள் என்று மருத்துவர் எழுதிய நாலு வரி. அதை வாங்கிக் கோப்பில் வைத்தேன். கேட்டிருக்கலாம். பக்கத்துத் தெருவிலேயே ஆஸ்பத்திரி. பத்து நிமிட வேலை.

நான் செய்ய வேண்டியிருந்தது ஒன்றுதான். கோப்பு முழுமையில்லை என்று ஒரு கட்டத்தில் குறி போட்டிருந்தால் அவள் முதற்சுற்றில் ஆடியிருக்க மாட்டாள்.

அந்தப் பெண்ணுக்கு இரக்கப்பட்டு விட்டேன் என்று இரண்டு வாரமாக எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வயதில் பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்து மாறியிருந்ததால் என்னையும் ஒரு முகாமிலிருந்து திருப்பி அனுப்பினார்கள், அதனால் இளகிவிட்டேன் என்று. அது நடந்தது உண்மை. ஆனால் அன்று அந்த மேசையில் அது என் நினைவுக்கே வரவில்லை. மணி ஒன்று ஆகியிருந்தது, பசி. குறி போட்டால் மருத்துவக் குழுவுக்கு எழுத வேண்டும், கழகம் மேல்முறையீடு செய்யும், உள்ளூர்ச் சங்கம் புகார் சொல்லும், என் அறிக்கையில் 'சம்பவம்' என்று ஒன்று ஏறும். சம்பவம் இல்லாத கமிஷனர்களைத்தான் பிரதான சுற்றுக்கு எடுப்பார்கள். நினைவுக்கு வந்தது அதுதான்.

செப்டம்பர் 11, புதன்

ஒழுங்குக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அனுப்புவதற்கு முன் ஞானவேலிடம் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"அவரே சொல்லலையே. நீ ஏன் போய்?" என்றார்.

"அவர் சொல்லாததாலதான்."

தாளை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, இரண்டாம் பத்தியில் 'கவனக்குறைவால்' என்று எழுதியிருந்ததைக் காட்டினார். "கவனிச்சுத்தானே இருக்கே. அப்புறம் என்ன கவனக்குறைவு?" என்றார்.

அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அனுப்பினேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

வீடியோவில் விசாரணை. மூன்று நாட்டு வக்கீல்கள், மொழிபெயர்ப்பாளர் ஒருவர். நாற்பது நிமிடம். மரியாதையாகத்தான் கேட்டார்கள். கடைசியில் தலைவர், சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கிறதா என்றார். அந்தப் பெண்ணின் தாய்க்கு இதெல்லாம் யார் சொல்வார்கள் என்று கேட்டேன். தீர்ப்பு சங்கத்துக்கு அனுப்பப்படும், சங்கம் கழகத்துக்கு அனுப்பும் என்றார். கழகம் யாருக்கு அனுப்பும் என்பது அவர்களுடைய விதியில் இல்லை.

அக்டோபர் 4, வெள்ளி

தீர்ப்பு. என் பெயர் கமிஷனர் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கம். கிருபைராஜாவுக்கு ஐந்து ஆண்டு தடை. மருத்துவருக்கும் அப்படியே. சில்வர் ஹார்பர் கழகம் இரண்டு ஆண்டுகளுக்குக் கூட்டமைப்பின் எந்தப் போட்டியிலும் கலந்துகொள்ளக் கூடாது.

என் கடிதம் இல்லாமல் இருந்தால் கழகத்துக்கு எச்சரிக்கையோடு போயிருக்கும். ஆஸ்பத்திரித் தவறு என்று முடித்திருப்பார்கள். இப்போது அந்த இருபத்திரண்டு பெண்களும் இரண்டு வருஷம் வீட்டில்.

கோட்டை டிரை கிளீனிங் கடையிலிருந்து வாங்கி வந்து பீரோவில் மாட்டினேன்.

அக்டோபர் 12, சனி. அளவெட்டி

ஆயுதபூஜை விடுமுறை. நேற்று நாகப்பட்டினத்தில் தங்கி, காலையில் காங்கேசன்துறைக்குக் கப்பல் ஏறினேன். ஞானவேல் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். கடல் அமைதியாக இருந்தது. ஒரு குடும்பம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டது, எனக்கும் ஓர் இலையில் கொடுத்தார்கள், சாப்பிட்டேன்.

துறைமுகத்திலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடம். சிமெண்ட் வீடு, பாதி பூசியது. அனோஜிதாவின் தாய் இராசமலருக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், பக்கத்துப் பள்ளியில் சமையல் வேலை. வருகிறேன் என்று மட்டும் போனில் சொல்லியிருந்தேன். வாசலுக்கு வந்து உள்ளே கூட்டிப்போனார். கூடத்தில் அவளுடைய படம், கழக ஜெர்சியோடு. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். நான் யார் என்று சொன்னேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். காலை 9.14-ஐயும் சொன்னேன். அவர் கையில் ஒரு துவாய் இருந்தது, அதை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்" என்றார்.

"தெரியும்."

"கிருபையண்ணைக்கும் தெரியும்."

"ஆமா."

"அண்டைக்கு அவ நல்லா விளையாடினவளோ?"

முதல் பாதியில் நன்றாக ஆடினாள் என்றேன். இரண்டாம் பாதியில் களைத்துப்போனாள், ஒரு தரம் குனிந்து நின்றாள் என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் எதையும் விடக் கூடாது என்று முடிவு செய்துதான் வந்திருந்தேன்.

"குனிஞ்சு நிண்டவளைப் பாத்து ஆரும் என்ன எண்டு கேக்கேல்லையோ?"

இல்லை என்றேன்.

வெளியே எங்கோ கோயிலில் மேளம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அணிப் பெண்கள் போன வாரம் போன் செய்து இரண்டு வருஷத் தடையைச் சொல்லி அழுதார்களாம். அவர்கள் பேசியதைப் பார்த்தால் சந்தமாலிக்கு அது தன் தாள் என்று இன்னும் தெரியாது என்றார் இராசமலர். அவளுக்குச் சொல்ல வேண்டாம், அந்தப் பிள்ளை தாங்காது என்றும் சொன்னார். நான் தலையசைத்தேன். அவர் என் மேல் கோபப்படுவார் என்று நினைத்திருந்தேன். அதற்காகத்தான் வந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"அண்டைக்கு நீங்கள் ஏலாது எண்டு சொல்லியிருந்தா, உங்களைத் திட்டித் திட்டி இஞ்ச வந்திருப்பாள்" என்றார். "ரெண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பாள். என்னோடயும் கதைச்சிருக்க மாட்டாள். அவ்வளவுதானே."

மன்னிப்பு என்ற சொல்லைக் கப்பலிலிருந்தே வாயில் வைத்திருந்தேன். அது வரவில்லை. வந்திருந்தாலும் அந்தக் கூடத்தில் வைக்க அதற்கு இடம் இல்லை.

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ."

குடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கழுவி வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்ததும் நான் எழுந்தேன். வேலிப் படலை வரைக்கும் கூட வந்தார். ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பி நிறுத்தியிருந்தார்.

"போயிட்டு வர்றேன்" என்றேன்.

"போங்கோ" என்றார்.